பதினெட்டுப் பேர் உறங்கிய பாடவேளை

விளையாட்டு ஆசிரியராகச் சேரும் அன்று கையில் ஒரு விசில் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் தொடாத வேலைகள் எல்லாம் அதோடு சேர்ந்தே வரும் என்பது போகப் போகத்தான் தெரியும். காலைக் கூட்டத்துக்கு மைக் வைப்பது, ஊர்வலத்துக்கு வரிசை பிடிப்பது, மயங்கி விழுந்த பிள்ளையை ஆட்டோவில் ஏற்றுவது எல்லாம் நம் தலையில்தான். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் இந்நேரம் ஒன்றிரண்டு வந்து சேர்ந்திருக்கும்.

எனக்கு அப்படி வந்தது தொழிற்பயிற்சிப் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. புதுச்சேரி டவுனுக்குள் எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு நர்சிங் பிரிவில் பதினெட்டுப் பெண்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரைக்கு அவர்கள் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போய், பதினொன்றரை வரை நோயாளிகளைக் கவனிக்கப் பழக வேண்டும். அப்புறம் பள்ளிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பாடம். பயிற்சி நேரம் குறைந்தால் சான்றிதழ் கிடையாது, செய்முறைத் தேர்வும் எழுத முடியாது.

“வாரத்துக்கு ஒரு தடவ போயி ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தாப் போதும் டீச்சர்” என்றார் தலைமையாசிரியை. நானும் அதைத்தான் செய்தேன். வரவேற்பறை நாற்காலியில் உட்காருவேன், மேனேஜர் டீ வரவழைப்பார், கையெழுத்துப் போடுவேன், வந்துவிடுவேன். அந்த நாற்காலிக்கு அப்பால் ஒரு கதவு இருந்தது. அதை நான் ஒரு நாளும் திறக்கவில்லை. இந்த நினைவுகளில் என் முதல் தவறு அது. இரண்டாவது, கதவைத் திறந்த பிறகு செய்தது.

அந்தப் பெண்களுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாடவேளையே என்னுடையது. த்ரோபால் ஆட விடுவேன். பந்து தோள் மேல் பட்டுக் கீழே விழும், ஒருத்தி கையும் உயராது. எனக்குக் கோபம் வந்தது. மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஓடினார்கள். அவர்களில் அஞ்சலாட்சி என்றொரு பெண். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவள். அப்பா கட்டுமரக்காரர், அம்மா மீன் விற்கிறவர். ஓடி முடித்ததும் பூவரச மரத்தில் சாய்ந்து நின்றாள். அவள் களைப்பாற நிற்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வெயில் தாங்கவில்லை. எல்லோரையும் கூடத்துக்குள் கூட்டிப் போனேன். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் அது. ஆள் உயரத்துக்கு மேலே போகிற ஜன்னல்கள், குறுக்குச் சட்டங்கள் அடுக்கிய மரக்கதவுகள், செங்கல் நிறத்தில் வழவழவென்ற தரை. “எல்லாரும் மல்லாந்து படுங்க, கண்ண மூடுங்க, மூச்ச மெதுவா இழுத்து வுடுங்க” என்றேன். பத்து மூச்சு எண்ணியிருப்பேன். பதினோராவதைச் சொல்லும்போது கேட்பதற்கு யாரும் இல்லை. பதினெட்டுப் பேரும் தூங்கிவிட்டார்கள்.

எழுப்பியிருக்க வேண்டும். கைதட்ட உயர்த்திய கையை அப்படியே இறக்கிவிட்டேன். கடல் காற்று ஜன்னல் சட்டங்களுக்கு இடையே நுழைந்து அவர்கள் பின்னலில் கட்டியிருந்த ரிப்பனை மட்டும் அசைத்தது. வெளிச்சம் கோடு கோடாக விழுந்து, நேரம் ஆக ஆக ஒரு பெண்ணின் மேலிருந்து இன்னொரு பெண்ணின் மேல் நகர்ந்தது. பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நான் மூலையில் கிடந்த ஜிம்னாஸ்டிக் பாயின் மேல் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மணி அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாளும் அதுவே வழக்கமாயிற்று. பாடக் குறிப்பேட்டில் ‘மூச்சுப் பயிற்சி’ என்று எழுதினேன். பொய்யும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, அவர்கள் கைகளைக் கவனித்தேன். ஓரத்தில் படுத்திருந்த சங்கீதாவின் இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன. ஒன்று ஒரு பக்கமாகவும் மற்றது எதிர்ப்பக்கமாகவும் மெல்லத் திரும்பின, விரிந்தன, மறுபடி திரும்பின. கனவு காண்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு இரண்டு பேர் தள்ளிப் படுத்திருந்தவள் கையும் அப்படியே திரும்பியது. இன்னும் மூன்று நாலு பேர். ஒரே நீரோட்டத்தில் அசைகிற கடற்பாசி மாதிரி. என்ன அசைவு அது? என் கைகளை முன்னால் நீட்டி அதையே செய்து பார்த்தேன். என் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. தரை துடைத்த துணியைப் பிழிகிற அசைவு.

அஞ்சலாட்சியின் கை மட்டும் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். “காத்ர்… சேங்க்… சிஸ்…” மீன்பிடிக் குப்பத்துப் பெண் தூக்கத்தில் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்தபடி இருக்கும்போதே கதவு திறந்தது. தலைமையாசிரியையும், அவருக்குப் பின்னால் பள்ளிகளைப் பார்வையிட வந்திருந்த ஓர் அதிகாரி அம்மாவும்.

“என்ன டீச்சர் இது? பி.டி. பீரியட்ல எல்லாரும் தூங்கறாங்க?” தலைமையாசிரியை சத்தம் போட வாயெடுத்தார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். கையில் விசில் இருந்தது. ஊதியிருந்தால் பதினெட்டுப் பேரும் எழுந்து வரிசையில் நின்றிருப்பார்கள். ‘ஆசனம் முடிஞ்சது மேடம்’ என்று சொல்லித் தப்பித்திருப்பேன். விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு வாயில் விரலை வைத்தேன்.

“ரெண்டு நிமிஷம் சத்தம் போடாம நில்லுங்க மேடம். அவங்க கையப் பாருங்க.”

அந்த அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர்கள் நடுவே மெதுவாக நடந்தார். சங்கீதாவின் அருகில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “இந்தப் பொண்ணுங்க எங்க வேலைக்குப் போறாங்க?”

சொன்னேன்.

“நீங்க உள்ள போயிப் பாத்திருக்கீங்களா?”

“ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன் மேடம்” என்றேன். வியாழக்கிழமை காலையில் தலைமையாசிரியையின் மெமோ மேஜைக்கு வந்தது. பாடவேளையில் மாணவிகளை உறங்க அனுமதித்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். மெமோ என்னை உறுத்தவில்லை. அந்த அம்மாவின் கேள்விதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நர்சிங் ஹோமுக்குப் போனேன். வரவேற்பறையில் உட்காரவில்லை. கதவைத் திறந்தேன். ஈர வராந்தாவில் என் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் இரண்டு பேர் வெறும் கையால் நோயாளிகளின் மலத்தட்டுகளைக் கழுவினார்கள். மாடிப்படியில் அழுக்குப் படுக்கைவிரிப்பு மூட்டையோடு ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். “எல்லா வேலையும் கத்துக்கணும் இல்ல டீச்சர். நாளைக்கு இவங்களுக்குத்தான் நல்லது.”

நான் விசிலை எடுத்து ஊதினேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை. “எல்லாரும் கைய கழுவிட்டு வெளிய வாங்க. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க.”

பதினெட்டுப் பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாகப் பள்ளிக்கு வந்தேன். அந்த நடையை இன்றும் கனவில் காண்கிறேன். வாகனம் விடாத நேரம். சூரியன் கடலிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அலைச்சத்தம், பதினெட்டு ஜோடிச் செருப்புச் சத்தம், வேறு எதுவும் இல்லை. என் நெஞ்சு விம்மி நிறைந்திருந்தது. அவர்கள் பேசாமல் வந்தார்கள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்துக்குள் வந்து, “இனிமே நீங்க அங்க போகவேணாம்” என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

“எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா மிஸ்?”

“என்னடி கேக்கணும்? அந்த வேலைய நீ செய்யணுமா?”

“தொடைக்கறது எனக்குப் புடிக்குமா? ஆனா தொடைச்சு முடிச்சா சிஸ்டர் அர மணி நேரம் சொல்லித் தருவாங்க. பி.பி. பாக்க, பல்ஸு எண்ண. ஒம்பதாம் நம்பர் ரூம்புல ஒரு ஆயா இருக்காங்க. அவங்க வூட்டுக்காரரு பிரான்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்தவராம். போற நாளெல்லாம் பத்து மணிக்கு நான்தான் அவங்களுக்குப் பல்ஸு பாக்கணும். அவங்கதான் எனக்குப் பிரெஞ்சுல பத்து வரைக்கும் எண்ணக் கத்துக்குடுத்தாங்க. பத்து ஆனா ஒரு வெரல மடக்கிக்குவேன்.” மூச்சு விட்டுச் சொன்னாள்: “புதங்கெழம அவங்களுக்குப் பல்ஸு வுட்டு வுட்டு அடிச்சுது மிஸ். சிஸ்டர் கிட்ட சொன்னேன், அவங்க பாக்கறப்ப சரியாயிடுச்சு. வெள்ளிக்கெழம காலையில கரெக்டா பாத்துச் சொல்லு, டாக்டருக்குச் சொல்லிக்கலாம்னாங்க. இன்னிக்கு யாரு பாப்பாங்க?”

நான் பிடிவாதம் விடவில்லை. “அத நர்ஸு பாத்துக்குவாங்க” என்றேன்.

“அந்த மாடிக்கு ஒரே சிஸ்டர்தான் மிஸ். நாங்க பதினெட்டுப் பேரும் இங்க நிக்கறோம்.”

அப்போதுதான் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஐந்து பேர் அந்த இடத்துக்கு இனி போகவே மாட்டோம் என்றார்கள். ஒருத்தி கையுறை கொடுத்தால் போதும் என்றாள். சங்கீதா பசிதான் பெரிய கஷ்டம் என்றாள். வீட்டில் அஞ்சு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டு மணி வரைக்கும் வயிற்றில் ஒன்றும் கிடையாதாம். வாரக்கணக்கில் அவர்களுக்காகப் பாடுபடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு பெண்ணிடமாவது ‘காலைல சாப்பிட்டியா’ என்று கேட்டதில்லை. த்ரோபால் ஸ்கோர் தாளின் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதை எல்லாம் எழுதினேன். அஞ்சலாட்சி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி பத்தாகப் போயிற்று.

“வா, போலாம்” என்றேன்.

ஆட்டோ பிடித்து நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். மேனேஜரிடம் என்ன பேசுவது என்று நான் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் யாரிடமும் கேட்காமல் நேரே மாடிக்கு ஏறிவிட்டாள். நானும் பின்னால் போனேன்.

ஒன்பதாம் அறையில் அந்த மூதாட்டி தலையணையில் சாய்ந்திருந்தார். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கியது. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

“லேட்டா வர்ற, மா பெத்தித், எங் குட்டி” என்று சிரிக்கப் பார்த்தார். குரல் எழும்பவில்லை.

அஞ்சலாட்சி கட்டிலருகே மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அன், தெ, த்ருவா… இடது கையில் ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று. நடுவே எண்ணிக்கை நின்றது. மறுபடி தொடங்கி மறுபடி நின்றது. அந்த அறையில் நேரம் நின்றுவிட்டது போல் இருந்தது. அவள் என் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“மிஸ், சிஸ்டரக் கூட்டியாங்க. நடக்காதீங்க, ஓடுங்க.”

எத்தனையோ வருஷமாக மற்றவர்களை ஓடு ஓடு என்று சொன்னவள் நான். அன்றைக்கு ஒரு மாணவி சொல்லி நான் ஓடினேன். சிஸ்டர் வராந்தா கோடியில் தனியாளாக ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பாட்டிலை அந்த நோயாளியின் உறவினர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். நர்சிங் ஹோமை நடத்துகிற டாக்டரே வந்தார். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து அந்த அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. பத்து நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு டாக்டர் என்னைக் கேட்டார்: “காலைலேருந்து யாரும் பாக்கலியா?”

“நான்தான் பொண்ணுங்கள அழைச்சிட்டுப் போயிட்டேன். பாத்திட்டிருந்தது இந்தப் பொண்ணுதான்” என்றேன். மேனேஜரிடமும், சொல்லாமல் கூட்டிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடித்த கையோடு ஸ்கோர் தாளை டாக்டர் மேஜையில் வைத்தேன். மேனேஜர் முகம் சுளித்தார். சிஸ்டர்தான் பேசினார்: “இவங்கள மாப்பு போட வச்சிட்டு நான் ஒண்டியா ஓடிட்டிருக்கேன் சார். என் கையில குடுங்க. ஒரு மாசத்துல பாருங்க.” டாக்டர் தாளைப் படித்தார். தரை துடைக்க ஆள் போடுவதாகச் சொன்னார். கையுறை, காலை டிபன், போகிற நாளெல்லாம் இரண்டு மணி நேரம் சிஸ்டரோடு பயிற்சி. எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. டிபன் வருவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். மாட்டேன் என்ற ஐந்து பேருக்குக் காலாப்பட்டுப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் இடம் கேட்டு வாங்கினேன்.

மெமோவுக்கு இரண்டு வரிதான் எழுதினேன். ‘மாணவிகள் உறங்கியது உண்மை. காரணத்தை முன்பே கேட்டறியாதது என் தவறு.’ தலைமையாசிரியை படித்துவிட்டு அதை ஃபைலில் வைத்துக்கொண்டார். மறுநாள் கால அட்டவணையில் என் பாடவேளை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மாறியிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெண்கள் எவ்வளவு நன்றாகப் பந்து பிடிப்பார்கள் என்று.

பிள்ளைகளுக்கு அநியாயம் நடப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். ஆனால் விசில் ஊதும் முன்னால் அவர்களைக் கேளுங்கள். அந்த இடத்தில் அவர்களுக்கென்று நீங்கள் அறியாத ஒன்று இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள் மதியம் அஞ்சலாட்சியின் அம்மா பள்ளிக்கு வந்தார். மீன் அன்னக்கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்து வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“நீங்கதான் பி.டி. மிஸ்ஸா? எம் பொண்ணு ஆசுபத்திரியில என்னமோ பண்ணிச்சாமே. பஸ்ஸுல ஒரு பொண்ணு சொல்லிச்சு. அதக் கேட்டா ‘ஒண்ணும் இல்லம்மா’ங்குது. என்ன பண்ணிச்சு, சொல்லுங்க.”

சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். “அவளே சொல்லட்டும்மா” என்று வகுப்பிலிருந்து அஞ்சலாட்சியை வரவழைத்தேன்.

அவள் முதலில் தயங்கினாள். பிறகு அம்மாவின் கையை எடுத்து, எங்கே விரல் வைக்க வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்று காட்டிக் காட்டிச் சொன்னாள். அம்மா நின்றபடியே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் மகள் காட்டிய இடத்தில் தன் மணிக்கட்டைத் தானே தொட்டுப் பார்த்தார்.

“நீ நாலு மணிக்கு எந்திரிச்சு தண்ணி புடிச்சி, சோறாக்கி வச்சிட்டுதான இங்க வர்ற?”

“ஆமா.”

“ஆசுபத்திரி போற நாள்ல அடுப்பு கிட்ட வராத. நான் பாத்துக்கறேன்” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, போய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.